பேக்கன் கண்ட ஈரெழுத்து முறை

ஆங்கில உரைநடைக்கு ஏற்றமளித்த பெரியோருள் பிரான்சிஸ் பேக்கன் ஒருவர். கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு அம்மொழியில் முன்னோடியாய் விளங்கியவர் அவர்; ஆய்ந்து காணாத எதனையும் உண்மையெனக் கொள்ளலாகாது என்று அறிவியலுக்கு நெறி வகுத்தவரும் அவர்; இங்கிலாந்து நாட்டு நீதித்துறையின் தலைமை இருக்கையில் வீற்றிருந்து, அவ்விருக்கையினின்றும் இழிவுடன் இறக்கப்பட்டவரும் அவரே. இவற்றையெல்லாம் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். ஆயின், அவர் தம் இளமைப் பருவத்தில் கண்டு வைத்த ஒரு சிறு முறை, நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் இன்று கணினிகளில் வழங்கும் எழுத்து முறையோடு ஒத்திருத்தலைப் பலர் அறியார். எந்த எழுத்தையும் இரண்டே குறிகளைக் கொண்டு எழுதிவிடலாம் என்பதே அம்முறை. அதன் வரலாறு அவர்தம் வாழ்வோடு பின்னிக் கிடத்தலின், இரண்டனையும் சேர்த்தே காண்போம்.

1561ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரில் யார்க் இல்லம் என்னும் மாளிகையில் பேக்கன் பிறந்தார். தந்தையார் நிக்கலஸ் பேக்கன், எலிசபெத் அரசியாரின் பெருமுத்திரைக் காப்பாளர். அரசாணைகளுக்கு முத்திரையிடும் அவ்வுரிமை, நாட்டின் தலையாய பதவிகளுள் ஒன்றாகும். தாயார் ஆன் அம்மையார், இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தவர். இலத்தீன் நூலொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட புலமையாட்டி. பெண்களுக்குக் கல்வி அரிதாய் இருந்த அக்காலத்தில் இத்தகைய தாயைப் பெற்றது பிரான்சிஸ் பெற்ற முதற்பேறு எனலாம். அவ்வம்மையாரின் உடன்பிறந்தாளை மணந்தவர், அரசியாரின் முதன்மை அமைச்சராகிய பர்லி பிரபு. இவ்வாறு தந்தை வழியிலும் தாய் வழியிலும் அரண்மனையோடு உறவு பூண்ட குடும்பம் அது.

பன்னிரண்டாம் வயதில், 1573ஆம் ஆண்டில், பிரான்சிஸ் தம் தமையனார் அந்தோணியுடன் கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாளைய கல்லூரிகளில் அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க அறிஞரின் நூல்களே கல்வியின் கரையாகக் கருதப்பட்டன. அவர் கூறியதைக் கற்பதும் அதனை வைத்துச் சொற்போர் புரிவதுமே மாணாக்கர் கடனாக இருந்தன. சொல்லில் வெல்ல உதவும் இக்கல்வி, மக்கள் வாழ்வுக்கு உதவும் பயன் எதனையும் விளைக்கவில்லையே என்னும் ஏக்கம் அச்சிறுவரின் உள்ளத்திற் குடிகொண்டது. அவ்வேக்கம் அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

1576ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை ஒரு திருப்பம் கண்டது. எலிசபெத் அரசியார், ஆமியாஸ் பாலட் என்பாரைப் பிரான்சு நாட்டுக்குத் தூதுவராய் அனுப்பினார். அத்தூதுக் குழுவில் பதினைந்து வயதுப் பேக்கனும் ஒருவராய்ப் பாரிசு நகரம் சென்றார். அந்நாளிற் பிரான்சு நாடு சமயப் பூசலால் இரண்டுபட்டுக் கிடந்தது. யார் நண்பர், யார் பகைவர் என்று தெளிதல் அரிது. இத்தகைய ஊரில் இருக்கும் தூதுவர் தம் அரசுக்கு எழுதும் ஓலையை இடைவழியிற் பிறர் கைப்பற்றிப் பிரித்துப் படித்துவிடுவாராயின், அதில் பெயர் கண்டவர்களின் தலைக்கே தீங்கு நேரும். ஆதலின் முடங்கல்களை மறைமொழியில் எழுதும் வழக்கம் எங்கும் பரவியிருந்தது. ஓர் எழுத்துக்கு மற்றோர் எழுத்தையோ புதுமையான ஒரு குறியையோ மாற்றி எழுதுவர். அம்மாற்றத்தை அறிந்தவரே அதனைப் படித்தல் இயலும்.

இம்மறைமொழிகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதற்குப் பின்னர் நிகழ்ந்த ஒன்றே சான்று. இதே பாலட், பிற்காலத்தில், இங்கிலாந்திற் சிறைப்பட்டிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரிக்குக் காவலராய் அமர்த்தப்பட்டார். அவ்வரசி தம் ஆதரவாளரோடு புரிந்த கடிதப் போக்குவரத்து மதுப் பீப்பாய்களில் மறைத்துக் கடத்தப்பட்டது. கடிதங்களோ மறைகுறிகளால் எழுதப்பட்டவை. ஆயினும் எலிசபெத்தின் ஆட்கள் அவற்றைக் கைப்பற்றி, குறிகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்துப் படித்துவிட்டனர். எலிசபெத்தைக் கொல்லும் சூழ்ச்சிக்கு மேரி உடன்பட்டார் என்பதற்கு அக்கடிதங்களே சான்றாயின. 1587ஆம் ஆண்டில் மேரியின் தலை துணிக்கப்பட்டது. புரியாத குறிகள் நிறைந்த தாளைக் கண்டவுடனே இதில் ஏதோ மறைபொருள் உண்டு என்று எவர்க்கும் ஐயம் எழும். ஐயம் எழுந்தபின் அவிழ்க்கும் முயற்சி தொடங்கும். மறைமொழியின் பெருங்குறை இது.

இக்குறையைப் பாரிசில் இருந்த இளம் பேக்கன் முன்னரே உணர்ந்தார் போலும். நல்ல மறைமொழிக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்று அவர் பின்னர் எழுதினார். எழுதவும் படிக்கவும் எளிதாயிருத்தல் ஒன்று. அயலார் அவிழ்க்க இயலாதிருத்தல் மற்றொன்று. கூடுமாயின் ஐயத்துக்கே இடமின்றி இருத்தல் மூன்றாவது. இம்மூன்றாவது பண்பை நாடிச் சென்றபோதுதான் ஈரெழுத்து முறை அவர்க்குப் புலனாயிற்று.

அதனைச் சற்று விளக்கிக் காண்போம். அக்கால ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துகள் இருபத்து நான்கு. இன்று வேறுவேறாய் வழங்கும் ஐ, ஜே என்பன அன்று ஒரே எழுத்தாகவும், யு, வி என்பன ஒரே எழுத்தாகவும் கருதப்பட்டன. இந்த இருபத்து நான்கையும் இரண்டே குறிகளால் எழுத வேண்டும். ஒரு குறியை ஒருமுறை எழுதினால் இரண்டு வேறுபாடுகளே கிடைக்கும். இரண்டு இடங்களில் எழுதினால் நான்கு கிடைக்கும். மூன்று இடங்களில் எட்டு. நான்கு இடங்களிற் பதினாறு. ஐந்து இடங்களில் முப்பத்திரண்டு. பதினாறு போதாது, முப்பத்திரண்டு போதும். ஆகவே எழுத்து ஒன்றுக்கு ஐந்து குறிகள் என்று வகுத்தார்.

யாப்பிலக்கணம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்கணக்குப் புதியதன்று. நேர், நிரை என அசைகள் இரண்டே. ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று நாம் மனப்பாடம் செய்வனவெல்லாம் இரண்டு பொருள்களை வரிசை மாற்றி அடுக்குவதால் வந்த விரிவுகளே. ஐந்தசையால் ஒரு சீர் அமைக்க நம் இலக்கணம் இடந்தந்திருக்குமாயின் அவை முப்பத்திரண்டு ஆகியிருக்கும்.

பேக்கன் தம் இரு குறிகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகளையே பெயராக வைத்தார். நாம் தெளிவு கருதி அவற்றை 0, 1 என எழுதுவோம். முதலெழுத்தாகிய ஏ என்பதற்கு 00000. பி என்பதற்கு 00001. சி என்பதற்கு 00010. இவ்வாறே சென்று இறுதி எழுத்தாகிய இசட் என்பதற்கு 10111. இனி, இக்குறிகளைத் தாளில் அப்படியே எழுதினால் ஐயம் எழுமன்றோ? ஆகையால் அவர் குறிகளை எழுதவில்லை. எழுத்தின் வடிவத்தில் ஒளித்தார். யாரும் படிக்கத்தக்க ஒரு வாக்கியத்தை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். அவ்வாக்கியத்தின் எழுத்துகளுட் சில ஒருவகை வடிவிலும் மற்றவை அதனினும் சிறிதே வேறுபட்ட வடிவிலும் அமைதல் வேண்டும். முதல் வடிவு 0 என்றும் இரண்டாம் வடிவு 1 என்றும் கொள்ளப்படும். படிப்பவர் பொருளை நோக்காது வடிவையே நோக்கி, ஐந்தைந்தாகப் பிரித்து, உள்ளிருக்கும் எழுத்துகளைக் கூட்டிக்கொள்ளலாம். உள்ளே ஓர் எழுத்து வைக்க வெளியே ஐந்து எழுத்துகள் வேண்டும் என்பதொன்றே இதற்குரிய விலை.

இதற்குப் பேக்கன் காட்டிய எடுத்துக்காட்டு மிகவும் நயமானது. தான் வரும்வரை அங்கேயே தங்கியிருக்குமாறு ஒரு நண்பருக்கு எழுதப்பட்ட இலத்தீன் வாக்கியம் வெளியே இருக்கிறது. அதனுள்ளே ஒளிந்திருப்பதோ, ஓடிப்போய்விடு என்னும் பொருள் தரும் நான்கெழுத்துச் சொல். எஃப், யு, ஜி, ஈ என்னும் அந்நான்கும் 00101, 10011, 00110, 00100 என இருபது குறிகளாயின. வாக்கியத்தில் இருபத்து மூன்று எழுத்துகள் இருந்தமையால் இறுதி மூன்றும் வேலையின்றி நின்றன. இடைவழியிற் பிரித்துப் படிக்கும் ஒற்றன், தங்கு என்று படித்துத் தான் தேடுபவன் அங்கேயே இருப்பான் என்று மகிழ்வான். உரியவனோ அதே தாளைப் படித்துக் குதிரையேறிச் சென்றிருப்பான்.

இன்னொன்றும் பேக்கன் கண்டார். இரண்டு வேறுபாடுகளைக் காட்டவல்ல எப்பொருளும் இதற்கு உதவும் என்பது அது. மணியோசையாலும் ஊதுகொம்பாலும் விளக்கொளியாலும் தீவட்டியாலும் துப்பாக்கி வெடியாலும் தொலைவில் இருப்பவர்க்கு எழுத்தை உணர்த்தலாம் என்றார். மின்சாரத் தந்தி தோன்றுதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கூறப்பட்ட கருத்து இது. 1874இல் பிரெஞ்சுக்காரராகிய எமில் போதோ என்பார் உரிமை பெற்ற தந்திப் பொறியும் எழுத்து ஒன்றுக்கு ஐந்து குறிகள் என்னும் கணக்கிலேயே அமைந்தது.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. அதனைக் காணாது கடந்து செல்லல் ஆகாது. முதலெழுத்துக்கு 00000 என்று ஐந்து சுழிகளைப் பேக்கன் வைத்தாரே, அதனை ஒரே சுழியாகச் சுருக்கினால் என்ன? எண்ணாக நோக்கின் இரண்டின் மதிப்பும் ஒன்றே. ஆனால் எழுத்தாக நோக்கின், சுருக்கிய மறுகணமே முறை முழுவதும் குலைந்துவிடும். ஐந்தைந்தாகப் பிரிப்பவர், அடுத்த எழுத்தின் குறிகளைத் தவறாக இதனோடு சேர்த்துக்கொள்வார். அப்பிழை அவ்விடத்தோடு நில்லாது ஈறுவரை தொடரும். ஒன்றும் இல்லாமையைக் காட்டும் சுழியும் தன் இடத்தில் நிற்றல் வேண்டும்.

இக்காலத்திற் பைதான் என்னும் கணினி மொழியைக் கற்கும் மாணவர் பலர் முதலில் இடறுவது இவ்விடத்திற்றான். கணினியிலும் குறிகள் 0, 1 என இரண்டே. ஆங்கிலத்தின் ஏ என்னும் பெரிய எழுத்துக்கு 65 என்றும், சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடத்துக்கு 32 என்றும் எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. எழுத்தின் எண்ணைக் கேட்டறிய ஆர்ட் என்றோர் ஏவலும், அவ்வெண்ணை 0, 1 ஆக மாற்றப் பின் என்றோர் ஏவலும் அம்மொழியில் உண்டு. பின் என்னும் ஏவல் எண்ணின் மதிப்பையே கருதுவது. ஆதலால் முன்னிற்கும் சுழிகளை உதறிவிடும். 65 என்பது 1000001 என ஏழு குறிகளாய் வரும். 32 என்பது 100000 என ஆறு குறிகளாய் வரும். இரண்டையும் ஒட்டினால் 1000001100000 என்று பதின்மூன்று குறிகள் கிடைக்கும். இதனை மீண்டும் எழுத்தாக்க முற்படுவோன் எங்கே வெட்டுவான்? ஃபார்மேட் என்னும் ஏவலைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எட்டு இடம் வேண்டும், காலியான இடத்தைச் சுழியால் நிரப்புக என்று கட்டளையிட்டால், 01000001, 00100000 என்று அளவொத்து வரும். படிப்பவன் எட்டெட்டாய் நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக்கி, எண்ணை எழுத்தாக்கிக்கொள்வான். போனவழியே பிழையின்றித் திரும்பிவரலாம்.

நம் தமிழ் எழுத்துகளுக்கு இந்த எட்டு இடமும் போதாது. அகரத்துக்கு உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறையில் வகுக்கப்பட்ட எண் 2949. அதனை எழுதப் பன்னிரண்டு குறிகள் வேண்டும். யுடிஎஃப்-8 என்னும் முறையில் அவ்வெண் 11100000, 10101110, 10000101 என மூன்று எட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே தமிழை மாற்றுவோர் முதலில் இவ்வாறு எட்டுகளாக்கிப் பின்னரே குறிகளாக்குதல் வேண்டும். மீட்கும்போது எட்டுகள் அனைத்தையும் சேர்த்த பின்னரே எழுத்தாக்குதல் வேண்டும். ஒவ்வோர் எட்டையும் தனித்தனி எழுத்தென்று கொண்டால் பொருளற்ற உருக்களே எஞ்சும். இனிப் பேக்கனிடம் மீள்வோம்.

1579ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் இறந்தார் என்னும் செய்தி பாரிசுக்கு வந்தது. மூத்த மக்களுக்கெல்லாம் நிலம் வகுத்துத் தந்திருந்த நிக்கலஸ், கடைக்குட்டியாகிய பிரான்சிசுக்கு நிலம் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தும், வாங்குமுன் காலமானார். செல்வக் குடியிற் பிறந்து செல்வர் போலவே வாழப் பழகிய இளைஞர், பதினெட்டு வயதிற் கையில் பொருளின்றி நின்றார். கடன் என்னும் நோய் அன்று அவரைப் பற்றியது; இறக்கும்வரை நீங்கவில்லை. சட்டம் பயின்று வழக்கறிஞரானார். நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றார். பர்லி பிரபுவின் துணையை நாடிப் பன்முறை எழுதியும் பெரும்பயன் விளையவில்லை. 1593இல் அரசியார் வேண்டிய வரியை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியதால் அவருடைய சினத்துக்கும் ஆளானார். 1598இல் கடனுக்காகச் சிறைப்படுத்தவும் பட்டார்.

இவ்விடுக்கட் காலத்தில் அவர்க்குக் கைகொடுத்தவர் எசெக்ஸ் பிரபு. அரசியாரின் அன்புக்குரியவராயிருந்த அப்பிரபு, பேக்கனுக்கு உயர்பதவி பெற்றுத்தர முயன்றார். அது கைகூடாதபோது தம் நிலத்தில் ஒரு பகுதியையே கொடையாக அளித்தார். பின்னர் அவர் அரசியாரோடு மாறுபட்டு, 1601இல் கிளர்ச்சி செய்து பிடிபட்டார். அவ்வழக்கில் அரசுத் தரப்பில் நின்று வழக்காடியோருள் பேக்கனும் ஒருவர்! எசெக்ஸ் தலையிழந்தார். அரச கடமை நட்பினும் பெரிதென்று பேக்கன் பின்னர்த் தம் செயலுக்கு அமைதி கூறி ஒரு நூல் எழுதினார். அவ்வமைதியைப் படித்து மனம் அமைதியுற்றோர் சிலரே. உண்ட வீட்டுக்கு எதிராக வழக்காடும் கடமையிலிருந்து விலகி நிற்க அவர் முயன்றிருக்கலாகாதா என்று கேளாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபின் பேக்கனின் உயர்வு தொடங்கியது. 1607இல் அரசின் துணை வழக்குரைஞர், 1613இல் தலைமை வழக்குரைஞர், 1617இல் தந்தையார் வகித்த அதே பெருமுத்திரைக் காப்பாளர் பதவி, 1618இல் நாட்டின் தலைமை நீதிப் பதவி என ஏணிப்படி போல் ஏறிச் சென்றார். 1620இல் நோவம் ஆர்கனம் என்னும் பெருநூலை இலத்தீனில் வெளியிட்டார். இயற்கையைக் கூர்ந்து நோக்கி, நோக்கியவற்றைத் தொகுத்து, அதன் பின்னரே முடிவு காண வேண்டும் என்பது அந்நூலின் சாரம். அதில் மனித மனத்தின் மாயத் தோற்றங்களைப் பற்றி அவர் கூறுவது நம் கதைக்கு இன்றியமையாதது. உள்ளதை உள்ளவாறு காண மனம் உடன்படுவதில்லை. இயற்கையில் உள்ளதினும் மிகுந்த ஒழுங்கு இருப்பதாகத் தானே கற்பித்துக்கொள்கிறது. ஒரு கருத்தை விரும்பிப் பற்றிக்கொண்டால் அதற்கு இணங்கியவற்றையே கண்டு, மாறானவற்றைக் கண்டும் காணாது விடுகிறது என்பது அவர் துணிபு. இதனை நினைவில் வைத்துக்கொள்க.

1621ஆம் ஆண்டு சனவரியில் அவர்க்கு அறுபது வயது நிரம்பியது. அத்திங்களிலேயே அரசர் அவரைச் செயின்ட் ஆல்பன் கோமான் என்று சிறப்பித்தார். அடுத்த சில திங்களில் அனைத்தும் இடிந்து வீழ்ந்தன. வழக்காடிகளிடம் பொருள் பெற்றார் என்று நாடாளுமன்றம் அவர்மேல் இருபத்தெட்டுக் குற்றங்கள் சாட்டியது. முதலில் முறையிட்ட இருவரும் பொருள் கொடுத்தும் தீர்ப்புத் தமக்கு மாறாக வரப்பெற்றவர்கள் என்பது வியப்புக்குரியது. வழக்காடிகள் அன்பளிப்புத் தருவது அக்காலத்து வழக்கமே. பெற்ற பொருளுக்காக முறை பிறழ்ந்து தீர்ப்பளித்ததில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். எனினும் நீதிபதிக்குரிய ஒழுக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய கை, அப்பொருளை வாங்கியது வாங்கியதே. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். நாற்பதினாயிரம் பவுன் தண்டம். இலண்டன் கோட்டையிற் சிறை. இனி அரசுப் பதவியும் நாடாளுமன்ற இருக்கையும் இல்லை என்பது தீர்ப்பு. சிறை சில நாள்களில் முடிந்தது. தண்டத்தையும் அரசர் வாங்காது விட்டார். பதவி மட்டும் மீளவில்லை.

எஞ்சிய ஐந்தாண்டுகளே பேக்கனின் வாழ்வில் எழுத்து வளம் மிக்கவை. ஏழாம் ஹென்றி அரசரின் வரலாற்றை எழுதினார். கட்டுரைகளைப் பெருக்கி ஐம்பத்தெட்டாக்கினார். 1605இல் ஆங்கிலத்தில் எழுதிய கல்வி வளர்ச்சி பற்றிய நூலை விரித்து, 1623இல் இலத்தீனில் வெளியிட்டார். பாரிசில் தாம் இளைஞராய் இருந்தபோது கண்ட ஈரெழுத்து முறையை, முழு அட்டவணையோடும் எடுத்துக்காட்டோடும் முதன்முதலாக உலகுக்கு அளித்தது இந்நூலிற்றான். நாற்பதாண்டுக்கு மேல் தமக்குள்ளே வைத்திருந்த மறைபொருளை, மறைத்துப் பயன்பெறும் பதவி ஏதும் இல்லாத காலத்தில் வெளியிட்டார்.

1626ஆம் ஆண்டில், பனியிற் பொதிந்தால் இறைச்சி அழுகாது நிற்குமா என்று அறிய விரும்பி, வழியில் வண்டியை நிறுத்திக் கோழி ஒன்றை வாங்கி அதன் வயிற்றிற் பனிக்கட்டியை அடைத்தார் என்றும், அதனாற் குளிர் தாக்கி நோயுற்றார் என்றும் ஜான் ஆப்ரி என்பார் எழுதி வைத்துள்ளார். ஹைகேட் என்னும் இடத்தில் ஆரண்டல் பிரபுவின் மனையில் ஏப்ரல் 9ஆம் நாள் பேக்கன் உயிர் துறந்தார். கடன் மிகுதி, மக்கட்பேறு இல்லை. தம் பெயரைப் பிற நாட்டாருக்கும் வருங்காலத்தாருக்கும் ஒப்படைப்பதாக இறுதி முறியில் எழுதியிருந்தார்.

வருங்காலத்தார் அப்பெயரை வைத்துச் செய்ததுதான் வேடிக்கை. ஈரெழுத்து முறை வெளிவந்த அதே 1623ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற்பெருந்தொகுதியும் அச்சேறியிருந்தது. அந்நாடகங்களை உண்மையில் எழுதியவர் பேக்கனே என்று கருதும் கூட்டத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றினர். அவருள் எலிசபெத் வெல்ஸ் காலப் என்னும் அமெரிக்க அம்மையார், அத்தொகுதியின் எழுத்துகளில் இரண்டு வடிவுகள் இருப்பதாகவும், அவற்றைக் கொண்டு படித்தால் பேக்கன் மறைத்து வைத்த வரலாறு வெளிப்படுவதாகவும் 1899இல் நூல் வெளியிட்டார். பேக்கன் எலிசபெத் அரசியாரின் மறைமுக மகன் என்பதும் அவர் கண்ட செய்திகளுள் ஒன்று! அம்மையார் வேண்டுமென்றே பொய்யுரைத்தவர் அல்லர். கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பல்லாண்டு உழைத்தவர்.

அவர்க்கு உதவியாக, சிகாகோ நகருக்கு அருகே ரிவர்பேங்க் என்னும் ஆய்வு நிலையத்தில் 1916இல் எலிசபெத் ஸ்மித் என்னும் இளம்பெண் வேலைக்கு அமர்ந்தார். அங்கே பயிர் மரபியல் ஆய்ந்துகொண்டிருந்த வில்லியம் ஃபிரீட்மன் என்னும் இளைஞரும் இம்முயற்சியில் ஈடுபட்டார். இருவரும் 1917இல் மணந்துகொண்டனர். அதே பக்கத்தை, அதே எழுத்துகளை இவர்கள் எவ்வளவு உற்று நோக்கியும், காலப் அம்மையார் படித்த சொற்கள் இவர்களுக்குப் படியவில்லை. இந்த எழுத்து எவ்வகை வடிவு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வந்தது. காரணம் எளியது. அக்கால அச்சகத்தில் கையால் வார்த்த எழுத்துகள் தேய்ந்தனவும் புதியனவுமாய்க் கலந்து கிடந்தன. மையும் தாளும் ஒரு சீராய் இருந்ததில்லை. ஆகவே வடிவுகள் இரண்டல்ல, எண்ணிறந்தன. எது 0, எது 1 என்னும் வரையறை தாளில் இல்லை. படிப்பவர் மனத்தில் இருந்தது. இருவர் தனித்தனியே படித்தால் ஒரே செய்தி வராத முறை மறைமொழி ஆகாது என்று கண்ட அவ்விணையர், 1957ஆம் ஆண்டில் அதனை நிறுவி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டனர். பேக்கனைப் போற்றியவர்களே, மனத்தின் மாயத் தோற்றத்தைப் பற்றி அவர் தந்த எச்சரிக்கையை மறந்து போயினர்.

பொய்யை மறுத்த அவ்விருவரும் பேக்கனின் மெய்யான முறையைத் தள்ளிவிடவில்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படை அலுவலர்க்கு மறைமொழிக் கலையை அவர்கள் கற்பித்தனர். 1918ஆம் ஆண்டு சனவரியில் அரோரா என்னும் ஊரில் வகுப்பு முடிந்ததும் அனைவரும் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டனர். சிலர் நேரே நோக்கினர். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். பார்ப்பவர்க்கு ஒழுங்கற்ற கூட்டமாகவே தோன்றும். நேரே நோக்கியவரை 0 என்றும் திரும்பியவரை 1 என்றும் கொண்டு ஐவர் ஐவராகப் பிரித்தால், அறிவையும் ஆற்றலையும் ஒன்றாக்கிப் பேக்கன் 1597இல் இலத்தீனில் எழுதிய சிறு தொடரின் ஆங்கில வடிவம் வெளிப்படும். பதினாறு எழுத்துக்கு எண்பது பேர் வேண்டும். இறுதி எழுத்துக்கு ஆள் போதவில்லை.

வில்லியம் ஃபிரீட்மன் 1969இல் மறைந்தார். அர்லிங்டன் நாட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் அதே தொடரைப் பொறிக்கச் செய்தார் எலிசபெத். 1980இல் அவ்வம்மையாரும் மறைந்தார். அக்கல்லில் உள்ள எழுத்துகளுட் சிலவற்றுக்கு முனைகளில் சிறு கால்கள் உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. பல்லாண்டுகளாக அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. எழுத்துகளை ஐந்தைந்தாக எண்ணிப் பார்த்தபோது, பதினைந்து எழுத்துகளுள் மூன்று எழுத்துகள் ஒளிந்திருந்தன. அவை அவர்தம் கணவர் பெயரின் முதலெழுத்துகள்.